ஸ்டாண்டு நின்ற இடம்

என் கணவர் பயந்த சுபாவம். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, அவருக்கும் இருந்ததில்லை. மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர் எழுந்து வந்து கேஸ் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். தொட்டது போதாதென்று மூக்கை வைத்து முகர்ந்தும் பார்ப்பார். மழைக்காலத்தில் காலில் செருப்பில்லாமல் சுவிட்சைத் தொடமாட்டார். இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த தொழில், நாள் முழுக்கக் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடப்பது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் ஒரு கதையை எதிர்பார்ப்பார்கள். சின்ன வயதில் ஏதாவது மேலே விழுந்ததா, கூட வேலை பார்த்தவர் யாராவது நசுங்கினாரா என்று. அப்படி ஒன்றுமில்லை. சிலருக்குச் சுருட்டை முடி வாய்ப்பதுபோல் அவருக்குப் பயம் வாய்த்திருந்தது.

முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உட்காரச் சொன்ன நாற்காலியின் முதுகைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். என் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை, அது தேக்கு. யானை உட்காரலாம்."

"தேக்கு சரிங்க. திருகு இரும்பாச்சே," என்றார் இவர்.

திருகெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த நாற்காலி இன்னும் உடையவில்லை. அவருடைய பயங்களில் முக்கால்வாசி இப்படி வீண்போனவைதான். கடைசியில் அவரைக் கொண்டுபோனதும் அவர் பயந்த எதுவுமல்ல. காரும் விழவில்லை, கேஸும் கசியவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயைப் பிடித்தபடியே சரிந்தார். அவ்வளவுதான். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எத்தனையோ வருடங்களைத் தாண்டிக்கொண்டு அந்தச் சிவப்புக் கார்தான் முன்னால் வந்து நிற்கிறது.

பட்டறை எங்கள் வீட்டை ஒட்டியது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் பட்டறை. வெல்டிங் புகை, தின்னர், கருகிய பழைய பெயிண்ட் மூன்றும் கலந்த ஒரு வாடை, துவைத்து மடித்த துணியில்கூட இருக்கும். அங்கே வருவதெல்லாம் வயதான கார்கள். எஞ்சினை அவர் தொடமாட்டார். உடம்பு வேலை மட்டும். அதிலும் அடிவயிற்று வேலை. ஒரு சின்னச் சுத்தியலின் பிடியால் காரின் அடிப்பக்கத் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று பேசும். துரு தின்ற தகடு தொப்பென்று முனகும். தெருவில் அவருக்கு டொக்டொக் என்றே பேர். மளிகைக் கடைக்காரர்கூட என்னைப் பார்த்தால், "டொக்டொக் வீட்டம்மாவுக்கு முதல்ல குடுப்பா" என்பார்.

எனக்கு அங்கே இருந்த வேலை, விளக்குப் பிடிப்பது. அவருக்கு மூன்று கை இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டார் என்று கிண்டல் செய்வேன். "மூணாவது கை எனக்கு இருந்தா, அதைக் காரு நிக்கிற ஸ்டாண்டைப் பிடிச்சுக்கத்தான் வெச்சிருப்பேன்," என்பார்.

அந்தச் சிவப்புக் கார் ஒரு பல் டாக்டருடையது. தொழிலை விட்டு ஓய்வெடுத்துக்கொண்டவர். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான புதிதில் வாங்கியதாம். பல வருடங்களாகப் படுதா போட்டு மூடி வைத்திருந்தார். டாக்டரின் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகித் தேறி வந்த சமயம். "மறுபடி ஒரு தடவை அதுல என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அந்த அம்மா கேட்டுவிட்டார். அதற்காகத்தான் இத்தனையும்.

"மேல பளபளன்னு இருக்கே. அடியில என்னப்பா பெரிசா இருக்கப் போகுது?" என்றார் டாக்டர் முதல் நாள்.

இவர் அடியில் போய்விட்டு வெளியே வந்தபோது உள்ளங்கை நிறையப் பழுப்புச் செதில்கள். "இது உங்க காரோட தரை, டாக்டர்."

டாக்டர் ஒரு செதிலை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கினார். "சொத்தை."

"ஆமாங்க."

"வேர் வரைக்கும் போயிருக்கா?"

"சுரண்டினாத்தான் தெரியும்."

"சுரண்டு. சொத்தையைச் சுரண்டாம அடைக்கிறவனை நானே செருப்பால அடிப்பேன்."

இவருக்கு டாக்டரைப் பிடித்துப்போனதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் இதற்கு முன்னால் யாரோ அந்தக் காருக்கு அதைத்தான் செய்திருந்தார்கள். துருவின் மேலேயே தார் போன்ற கறுப்புப் பூச்சை வழிய வழியப் பூசியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே நுழைந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல், பூச்சுக்குப் பின்னால் இரும்பை நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும்.

கூரையுள்ள காரில் பாரத்தைக் கூரையும் கொஞ்சம் தாங்கும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் பெட்டிச் சட்டங்களும் தரையும்தான் முழு உடம்பையும் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சட்டங்களே போயிருந்தன. அப்படியே வெட்டி எடுத்தால் கார் நடுவில் மடிந்து கதவு மூடாமல் போய்விடும் என்று, கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்துவிட்டுத்தான் அவர் கட்டிங் மெஷினை எடுத்தார். வெட்டி, சுரண்டி, புதுத் தகடு வைத்து, துரு பிடிக்காமலிருக்கப் பிரைமர் அடித்து, சட்டங்களின் உள்ளே துளை வழியாக மெழுகு பீய்ச்சி, மாதக்கணக்கில் வேலை ஓடியது.

இங்கே அவருடைய ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அடிவேலை பார்க்கும்போது காரை நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஸ்டாண்டின் தலையிலும் ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டை காரின் அடிப்பக்கத் தகட்டைத் தொடும் இடம் உள்ளங்கை அகலம்தான். ஆனால் அந்த இடம் மட்டும் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. மற்ற எல்லாம் முடிந்த பிறகு ஸ்டாண்டை நகர்த்திவிட்டு அந்த நான்கு இடங்களையும் தனியாகப் பார்க்க வேண்டும். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில், ஸ்டீயரிங்கில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி வைப்பார். நான்கு இடங்களையும் பார்த்து முடித்தால்தான் துணியை அவிழ்ப்பார். துணி இருக்கும்வரை கார் பட்டறையை விட்டு நகரக் கூடாது.

மூன்று இடங்களை முடித்திருந்தார். நான்காவது மிச்சம். அன்று சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் கண்டது.

ஒரு வாரத்துக்கும் மேல் எழுந்திருக்கவில்லை. அதற்குள் பெயிண்டர் வந்துவிட்டார். மேல்பூச்சு வேலைக்கு வழக்கமாக வருபவர். எல்லோரும் 'கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணே படுத்திருக்காரு, அண்ணி. அவரு எந்திரிக்கிறதுக்குள்ள நான் முடிச்சு வெச்சிடுறேன். ஒரு கவலை குறையும்," என்றார். அடியில் அடிக்க இவர் வாங்கி வைத்திருந்த தடித்த கறுப்புப் பூச்சையும் அவரே அடித்துவிட்டார். காரைக் கீழே இறக்கியதும் ஸ்டாண்டு நின்ற இடங்களிலும் அதையே தடவி மூடினார். டாஷ்போர்டுக்கு வண்ணமடிக்க ஸ்டீயரிங்கைக் காகிதம் சுற்றி மறைத்தபோது, அதில் கட்டியிருந்த அழுக்குத் துணியை அவிழ்த்துத் தூரப் போட்டார். வழக்கமாக அவர் வருவதற்குள் துணி அவிழ்த்தாகியிருக்கும்; மூன்று இடங்கள்தான் முடிந்திருந்தன என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இவர் தேறி வந்தபோது கார் பளபளவென்று தரையில் நின்றது. ஸ்டீயரிங்கில் துணி இல்லை. சரி, நாம்தான் முடித்துவிட்டோம், காய்ச்சல் மயக்கத்தில் நினைவில்லை என்று எடுத்துக்கொண்டார். இருந்தாலும் சக்கரங்களைக் கட்டைகளில் ஏற்றி முட்டுக் கொடுத்து, அடியில் போய்த் தட்டிப் பார்க்காமல் இல்லை. புதிய தடிப் பூச்சு சத்தத்தை விழுங்கிவிட்டது. எல்லா இடமும் ஒன்றுபோலவே ஒலித்தது.

டாக்டரும் அவர் மனைவியும் வந்து காரை எடுத்துப் போனார்கள். அந்த அம்மா தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த இருக்கையில் மெல்ல இறங்கி உட்கார்ந்து, முழங்காலைக் கையால் உள்ளே தூக்கி வைத்தார். எங்களைப் பார்த்துக் கை அசைத்தார்.

சில நாள் கழித்து ஒரு காலையில், அடுத்த வண்டிக்காக இவர் ஸ்டாண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். பட்டறையில் துடைக்கும் சத்தம் நின்றது. நின்ற சத்தம் மறுபடி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

பக்கத்தில் போனேன். மற்ற மூன்று கட்டைகளின் மேலும் சாம்பல் நிற பிரைமர் ஒட்டியிருந்தது. சுத்தம் செய்து பிரைமர் அடித்த இடத்தில் மறுபடி முட்டுக் கொடுத்த அடையாளம். அவர் கையிலிருந்த கட்டையில் பிரைமரே இல்லை. பிஸ்கட் கனத்துக்கு ஒரு துருச் செதில் ஒட்டியிருந்தது. அதன் முதுகில் பழைய தார்.

"இது இடது பக்கம், பின்னாடி," என்றார். "சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற பட்டை ஸ்பிரிங் காரு உடம்போட சேர்ற எடம்."

"ஸ்டாண்டுல அத்தனை நாள் நின்னுச்சே, விழலையே?"

"அழுத்தினா தாங்கும். இழுத்தாத் தாங்காது."

டாக்டரின் செல்போனுக்கு அடித்தார். எடுத்தது அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பெண். "ஐயா செல்லை இங்கயே வெச்சுட்டுப் போயிட்டாருங்க. ரெண்டு பேரும் அந்தச் செவப்பு வண்டியில மலை மேல ஏரிக்குப் போயிருக்காங்க. சாப்பாடு கட்டிக் குடுத்தேன்."

"எப்பப் போனாங்க?"

"இப்பத்தான், கொஞ்ச நேரம் ஆச்சு. ஏன் சார், ஏதாச்சும் பிரச்சனையா?"

இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். ஜாக்கியையும் கருவிப் பையையும் பின்னால் எறிந்தார். கையில் மாவோடு நானும் ஏறிக்கொண்டேன்.

லாரிக்குப் பின்னால் போனால் லாரி எங்கே போகிறதோ அங்கேயே போய்ச் சேர்கிறவர் என்று நாங்கள் கேலி செய்யும் மனிதர், அன்று ஒவ்வொரு லாரியையும் ஒடித்து முந்தினார். நான் கதவுக் கைப்பிடியை விடவேயில்லை.

"என்னங்க, மெதுவா."

"பேசாத."

மலைப்பாதை தொடங்கியது. முதல் வளைவு தாண்டியதும் அவராகவே பேசத் தொடங்கினார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. "ஏறும்போது சக்கரம் அந்த எடத்தை முன்னால தள்ளும். அது பரவாயில்ல. தள்ளினா ஒட்டிக்கிட்டு நிக்கும். எறங்கும்போதுதான். பிரேக்கை மிதிக்க மிதிக்கப் பின்னால பிடுங்கும். ஏறிட்டு இருக்கட்டும். அவங்க ஏறிட்டே இருக்கட்டும். எறங்க ஆரம்பிச்சுடக் கூடாது."

அதற்குப் பிறகு எதிரே இறங்கி வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வளைவுக்கு அப்பால் ஹாரன் கேட்கும். வருவது சிவப்பாக இருந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடிப்பேன். நீல வேன் வரும். பால் வண்டி வரும். மூச்சை விடுவேன். அடுத்த ஹாரன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரத்துக் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும். அவர் சாலையைப் பார்த்த நேரத்தைவிட அந்தச் சுவரைப் பார்த்த நேரம் அதிகம். எங்காவது புதிதாக இடிந்திருக்கிறதா என்று.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கூட்டம். வண்டிகள் நின்றிருந்தன. ஆட்கள் சுவரோரம் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருந்த இடத்திலிருந்தே சாலையில் சிவப்பாக ஏதோ சிதறிக் கிடப்பது தெரிந்தது.

இவர் வேனை நிறுத்தினார். இறங்கவில்லை.

"நீ போய்ப் பாரு."

"நீங்களும் வாங்க."

"என்னால முடியாது. நீ போ. போய்ப் பார்த்துட்டு... வந்து சொல்லாத. தலையை மட்டும் ஆட்டு."

இறங்கி நடந்தேன். அந்தக் கொஞ்ச தூரம் இன்றும் எனக்குக் கனவில் வருகிறது. கால் ஊன்றுகிற இடமெல்லாம் வழுக்கியது. குனிந்து பார்த்தால் தக்காளி. காய்கறி ஏற்றிப்போன மினி லாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. டிரைவர் சுவரில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கீழே எட்டிப் பார்த்தது, உருண்டுபோன கூடைகளை. நான் திரும்பி இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, ஆமாம் என்று ஆட்டினேனா தெரியவில்லை. அவர் ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டார். ஓடிப்போய், "தக்காளிங்க, வெறும் தக்காளி," என்று தோளை உலுக்க வேண்டியிருந்தது.

வெகு நேரம் கழித்து வழி கிடைத்து நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஏரிக்கரைக் கடையின் ஓரத்தில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. இறங்குபாதையைப் பார்த்தபடி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரின் மனைவி உள்ளே உட்கார்ந்து தலைத்துணியை முடிந்துகொண்டிருந்தார். டாக்டர் கியரில் கை வைத்திருந்தார்.

இவர் வேனைக் கொண்டுபோய்க் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார்.

"அட, நம்ம ஆளு!" என்றார் டாக்டர். "என்னப்பா, குடும்பத்தோட ஏரி பார்க்க வந்தியா? வழியை விட்டு நிறுத்தக் கூடாதா?"

இவர் குனிந்து, கை நீட்டி, டாக்டரைத் தாண்டிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அடுத்த கணம் சாலையிலேயே படுத்துக் காருக்கு அடியில் தலையை நுழைத்தார். முட்டுக் கொடுக்காத காருக்கு அடியில் விரலைக்கூட நீட்டாதவர். அவருடைய கால்கள் மட்டும் வெளியே, செருப்பில்லாமல். வீட்டிலிருந்து செருப்பே போடாமல் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஸ்குரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ள போகுது, டாக்டர். எறங்குங்க. அம்மா, நீங்களும்."

"என்னப்பா சொல்ற?"

"ஒரு எடத்தை நான் பார்க்காம விட்டுட்டேன். எறங்குங்க."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. "பார்க்காம விட்டியா? ஒவ்வொரு அங்குலமும் பார்த்தேன்னு என்கிட்ட சொன்னியே?"

"சொன்னேன். தப்பு."

"சரி, ஆனது ஆச்சு. ஏறி வந்துட்டோம், ஒண்ணும் ஆகலையே? மெதுவா எறங்கிக் கொண்டு வந்து உன் பட்டறையிலயே விடுறேன். வேனை எடு."

"மெதுவான்னா பிரேக்கு. பிரேக்குலதான் அது பிடுங்கும்."

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கிறியா? இந்த மலையில உனக்கு முன்னால எறங்கினவன் நான். எடுப்பா வேனை."

இவர் வேனிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தார். "சக்கரத்தைக் கழட்டி என் வேன்ல போட்டுக்கறேன். அப்புறம் எப்படி எறங்குறீங்கன்னு பார்க்கிறேன்," என்றார். வாடிக்கையாளரிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. பேசியபடியே கை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டரின் மனைவி கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்தபடி இறங்க முயன்றார். நான் தாங்கிக்கொண்டேன். "நீங்களும் எறங்குங்க," என்றார் கணவரைப் பார்த்து. "அவரு வெயில்ல வெறுங்காலோட நிக்கிறாரு. சும்மா வந்து நிப்பாரா?" டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

தான் போட்ட புதுச் சட்டத்துக்கு அடியில் இவர் ஜாக்கியை வைத்துத் தூக்கினார். உடம்பு மேலே எழும்பியது. சக்கரமும் அதைப் பிடித்த ஸ்பிரிங்கும் தம் கனத்தில் கீழே தொங்கின. கொஞ்சம்தான் எழும்பியிருக்கும். கிழிந்த துணியை இழுப்பதுபோல் ஒரு சத்தம். கறுப்புப் பூச்சு தோலாக உரிந்து தொங்க, உள்ளேயிருந்து பழுப்புத் தூள் பொலபொலவென்று சாலையில் கொட்டியது. ஸ்பிரிங்கின் முனை காரை விட்டுப் பிரிந்து தனியாகத் தார்ச்சாலையில் இடித்தது.

கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். டாக்டர் அந்தத் தூளையும், எதிரே வளைந்து இறங்கும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

இவர் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இனிமே அதை எதுக்குப்பா கழட்டுற?" என்றார் டாக்டர்.

"உங்களை நம்ப முடியாது, டாக்டர்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு சட்டென்று அழுகையாக மாறியது.

காரைக் கடைக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு எல்லோரும் வேனில் இறங்கினோம். அந்த அம்மா முன்னால். பின்னால் கருவிகளுக்கு நடுவில் நானும், மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு டாக்டரும். அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பயம் முழுசாக வந்தது. ஸ்டீயரிங்கை விட்டுக் கை வரவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். சில்லிட்டிருந்தது.

"இது ஒண்ணு தெரிஞ்சுபோச்சு," என்றார். "தெரியாம எத்தனை வண்டி ஓடுதோ."

பெயிண்டர் கலருக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார். "அண்ணே, துணியை நான்தாண்ணே எடுத்துப் போட்டேன்," என்று கும்பிட்டார்.

"நீ துணியைத்தான் எடுத்தே. துணியை நம்பிக்கிட்டு இருந்தவன் நான்," என்றார் இவர். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை.

அதன் பிறகு தன் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு காரையும் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வரவழைத்தார். எதிலும் குறையில்லை. அது அவருக்கு நிம்மதியைத் தரவில்லை. சாப்பிடும்போது சோற்றில் கை அப்படியே நிற்கும். எந்த வண்டியின் எந்த மூலையில் இருக்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டரின் கார் மறுபடி வந்தது. அந்த மூலையை வெட்டியெடுத்து, முன்னைவிடக் கனமான தகடு வைத்துப் பற்றவைத்தார். நான்கு ஸ்டாண்டுகளையும் நகர்த்தி வைத்தார். ஆனால் கறுப்புப் பூச்சை அடிக்கவில்லை. டாக்டரை வரச் சொன்னார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நீங்க வந்து பார்க்கணும்."

"நீ பார்த்தியில்ல?"

"போன தடவையும் பார்த்தேன்னுதான் சொன்னேன். படுங்க."

டாக்டர் தன் வெள்ளைச் சட்டையையும் தரையையும் பார்த்தார். பிறகு சக்கரம் வைத்த பலகையில் மெல்ல முதுகைச் சாய்த்தார். இவர் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த நாளிலிருந்து எந்தக் காருக்கும், சொந்தக்காரர் தன்னோடு அடியில் படுத்து ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்க்காமல் இவர் பூச்சு அடித்ததில்லை. வக்கீல்கள் படுத்தார்கள், ஒரு கல்லூரி முதல்வர் படுத்தார், நிறைமாதக் கர்ப்பிணியான ஒருத்தி படுக்க முடியாமல் தன் மாமனாரைப் படுக்க வைத்தாள். முதலில் படுத்தவர் டாக்டர்.

நான் விளக்கை உள்ளே நீட்டினேன். இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்று பாலிஷ் போட்ட ஷூ, ஒன்று வெறுங்கால்.

"ஏம்பா, இது நம்ம மேல விழுந்திடாதே?"

"விழாதுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா!"

"நிச்சயமா எப்படிச் சொல்றது, டாக்டர்? சீக்கிரம் பாருங்க."

பாலிஷ் போட்ட ஷூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"இத்தனை வருஷமா ஜனங்களை இப்படித்தான் மல்லாக்கப் படுக்க வெச்சேன்," என்றார் டாக்டர். "வாயைத் திறங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிச் சொல்லி."

"பயமா இருக்கா?"

"இருக்குப்பா."

"எனக்கும்தான். கையைக் குடுங்க. இங்க தொட்டுப் பாருங்க, இந்த எடம்."